மின்விசிறியில் எழுதிய பெயர்

தீர்ப்புச் சொல்ல ஆசை உள்ளவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்த கஸ்தூரிக்கே பாதி விஷயம் பிறகுதான் உறைத்தது.

ராஜபாளையம் பக்கத்தில் ஓர் ஊர். இனி வைத்தியம் இல்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டவர்கள், கடைசி நாட்களை வலியில்லாமல் கழிக்க அங்கே ஓர் இல்லம் இருந்தது. கஸ்தூரி அதன் பொறுப்பாளர். ஊர் கொடுக்கிற நன்கொடையில்தான் இல்லம் நடந்தது. கடை கடையாக ஏறி இறங்கி அதைக் கேட்டு வாங்குவதும் அவள் வேலை. கொடுக்கிறவர்களின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததே. டியூப்லைட் ஒன்று கொடுத்தாலும் வெளிச்சத்தை மறைக்கிற அளவுக்கு 'உபயம்' என்று பெயரை எழுதிவிடுவார்கள். அந்த இல்லத்தில் பெயர் எழுதாமல் விட்டது நோயாளிகள் மேல் மட்டும்தான்.

கொடுத்தவர்களில் பெரிய கை எண்ணெய் மில் காசிராஜன். அவருடைய அண்ணன் தர்மலிங்கம்தான் ஒருநாள் நோயாளியாக வந்து சேர்ந்தார். அண்ணன் தம்பிக்குள் பல வருஷமாகப் பேச்சு இல்லை. அம்மா இறந்த அன்றும் மில்லை நிறுத்தாமல் ஓட்டினான் என்பது அண்ணனின் ஆறாத கோபம். தம்பி கொடுத்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்று சாவு வீட்டிலேயே சபதம் போட்டவர். மகள் வடிவு அந்தச் சபதத்தைக் கேட்டே வளர்ந்தவள்.

ஜன்னலோரக் கட்டில் காலியாக இருந்தது. அதில் படுக்க வைத்தார்கள். பெரியவர் மல்லாந்து கிடந்து கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பக்கத்தில் நின்ற மகளை ஒருமுறை பார்த்துவிட்டு, கஸ்தூரியிடம் கை நீட்டினார்.

"தாயி, என் தம்பி குடுத்த எதுவும் என் மேல படக்கூடாது. சத்தியம் பண்ணு."

கஸ்தூரி கையில் அடித்துக் கொடுத்தாள். கையை எடுத்ததும் அவர், "புழுக்கமா இருக்கு. ஃபேனைப் போடு" என்றார். சுவிட்சுக்குப் போனவள் தற்செயலாக நிமிர்ந்தாள். இறக்கையில் சிவப்பு எழுத்தில், 'உபயம்: காசிராஜன்'. சட்டென்று சுவிட்சைத் தட்டினாள். எழுத்தெல்லாம் கலைந்து சிவப்பு வளையமாகச் சுற்றியது. நல்லவேளை, அவர் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

அன்றிலிருந்து அந்த விசிறியை அவள் நிறுத்தவே இல்லை. அடைமழை பெய்த ஒருநாள், அப்பாவுக்குக் குளிருமே என்று வடிவு எழுந்தபோது பெரியவரே தடுத்தார். "ஓடட்டும்மா. போர்வை இருக்குல்ல."

அவருக்கு மூச்சு வாங்குவது கூடிவிட, கரன்டில் ஓடும் ஆக்ஸிஜன் மெஷினை வைத்தார்கள். அதே வாரம் காசிராஜன் ஒரு ஜெனரேட்டரை வாங்கி முற்றத்தில் இறக்கினார். அதிலும் முழ நீளத்துக்குப் பெயர். ஞாயிற்றுக்கிழமை விழா, ஊரைக் கூட்டி அவரே ஓட்டித் தொடங்கிவைப்பார். அதுவரை யாரும் தொடக்கூடாது, தொட்டால் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விடுவேன் என்று சொல்லியிருந்தார். அவர் சொன்னால் செய்கிற ஆள். உள்ளே அண்ணன் படுத்திருப்பது அவருக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கரன்ட் போனது. ஆக்ஸிஜன் சிலிண்டரை மாற்றப் போன வண்டி இன்னும் திரும்பவில்லை. பெரியவரின் நெஞ்சு ஏறி ஏறி இறங்கியது. தலைக்கு மேலே விசிறி மெல்ல ஓய்ந்து நிற்க, சிவப்பு எழுத்துக்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்தன. பெரியவர் ஒருமுறை மேலே பார்த்தார். பிறகு, குனிந்து நின்ற வடிவின் கழுத்தில் கையைப் போட்டு அவள் முகத்தைத் தன் தோளோடு இழுத்து அழுத்திக்கொண்டார். மூச்சுத் திணறலில் பிடித்துக்கொள்கிறார் என்றுதான் கஸ்தூரி எண்ணினாள்.

அவள் ஜெனரேட்டரைப் போட முற்றத்துக்கு ஓடியதும் தோளிலிருந்தபடியே வடிவு கத்தினாள். "அக்கா, அது சித்தப்பா குடுத்தது. வேண்டாம். சத்தியம் பண்ணியிருக்கீங்க."

"பாவம் என்னோட போகட்டும், வடிவு" என்று சொல்லிக்கொண்டே கஸ்தூரி காசிராஜனுக்குப் போன் போட்டாள். ஒரு பேஷன்டுக்கு மூச்சு நிற்கப்போகிறது, ஜெனரேட்டரைப் போட அனுமதி வேண்டும் என்றாள்.

"ஞாயித்துக்கிழமைன்னு சொன்னேனேம்மா. யாரு அது?"

அவள் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து இருமல் சத்தம் வந்தது. போனில் காசிராஜனின் குரல் இறங்கி வந்தது.

"அது எங்க அண்ணன் இருமல். போடும்மா, உடனே போடு. என் பேரு இருக்கிற பக்கம் ஒரு சாக்கைப் போட்டு மூடிரு. ஜன்னல் வழியா அவரு கண்ணுல பட்டுறப் போகுது."

சாக்கைப் போட்டு மூடிவிட்டு ஜெனரேட்டரை ஓட்டினாள். மெஷின் மூச்சுவிட ஆரம்பித்தது. விசிறி சுழன்று பெயர் கலைந்த பிறகே பெரியவர் மகளின் கழுத்தை விட்டார். பேச்சு வந்ததும் கஸ்தூரியைப் பார்த்து அவர் சொன்னது ஒன்றுதான்: "ஃபேனை மட்டும் நிறுத்திராத, தாயி."

கஸ்தூரி கொடுத்த சத்தியத்தை மீறினாள். வடிவு அப்பாவின் சொல்லைக் காக்க அவர் மூச்சையே பணயம் வைத்தாள். காசிராஜன் போட்ட நிபந்தனையைத் தானே கைவிட்டு, ஆசையாக எழுதிய பெயரையும் மறைக்கச் சொன்னார். இந்த மூவரில் பெரியவரின் மனசுப்படி நடந்தவர் யார்?

சத்தியத்தை மீறிய கஸ்தூரிதான். முதல் நாள் அவரைப் படுக்க வைத்தபோது விசிறி நின்றுகொண்டிருந்தது. சத்தியம் கேட்கும் முன்பே அவர் அந்தப் பெயரைப் படித்துவிட்டார். படித்தவர் வேறு கட்டில் கேட்கவில்லை. கோபம் அவருக்கு எப்போதோ ஆறிவிட்டது, ஆனால் அதைச் சொல்லிச் சொல்லி வளர்த்த மகளின் முன்னால் இறங்கிவர வெட்கமாக இருந்தது. கரன்ட் போனபோது அவளை இழுத்து அணைத்ததும் அவள் நிமிர்ந்து பார்த்துவிடக் கூடாது என்றுதான். சத்தியம் கேட்டது மகளின் காதுக்காக. விசிறியைப் போடச் சொன்னது தனக்காக. தம்பியின் காற்று அவருக்கு வேண்டியிருந்தது.