முப்பத்தாறு நிமிட இட்லி

"பிள்ளைங்களுக்குக் கணக்கு பிடிக்க மாட்டேங்குது, டீச்சர். பிடிக்க வைக்க என்ன செய்யணும்?"

கேட்டவர் திருமலைக்குமார். எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியே தலை நரைத்தவர்.

அமலோற்பவம் டீச்சர் பக்கத்து ஊர்ப் பள்ளியில் அதே கணக்கைத்தான் நடத்துகிறார். வயதில் அவரைவிட ரொம்பச் சின்னவர். ஆனாலும் சனிக்கிழமை சாயங்காலமானால் நாலு ஊர்க் கணக்கு வாத்தியார்கள் அவர் வீட்டைத் தேடி வருவார்கள். வந்து போனவர்கள் அங்கே என்ன நடந்தது என்று யாரிடமும் சொல்வதில்லை.

திருமலைக்குமாருக்கு அதில்தான் சந்தேகம். நல்ல விஷயமென்றால் வெளியே சொன்னால் என்ன?

அவர் பாதி கற்றுக்கொள்ள வந்திருந்தார். மீதிப் பாதி, கையும் களவுமாகப் பிடிக்க.

"என்னென்ன செஞ்சு பாத்தீங்க சார்?" என்று டீச்சர் கேட்டார்.

"கிரிக்கெட்டை வெச்சுச் சராசரி நடத்துனேன். பஸ்ஸை வெச்சு வேகம் நடத்துனேன். வாய்பாட்டுக்கு மெட்டுகூடப் போட்டேன். நான் பாடுனதுக்கு நல்லாச் சிரிச்சாங்க. கணக்குதான் வரலை."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா, கேட்டுக்கிட்டிருக்கேன்னு அர்த்தம்."

திருமலைக்குமார் சுவரைப் பார்த்தார். படங்கள் இல்லை, அட்டைகள் இல்லை, வண்ண வண்ணமாக வெட்டி ஒட்டிய எதுவும் இல்லை. ஒரு நாள்காட்டி மட்டும் தொங்கியது. அலமாரிக்குத் திரை போட்டிருந்தது. சரக்கெல்லாம் அதற்குள் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"உங்க வகுப்புல மணி அடிச்சாலும் பிள்ளைங்க எந்திரிக்க மாட்டாங்களாமே. அப்படி என்ன குடுக்கீங்க?"

"என்ன குடுக்கேன்னா?"

"முட்டாயா? மார்க்கா? எங்கிட்டச் சொன்னா என்ன, நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

டீச்சர் சிரித்தார். நழுவுகிறார் என்று திருமலைக்குமார் குறித்துக்கொண்டார்.

"சார், இவ்வளவு வருஷமா வராதவர் இன்னைக்கு எதுக்கு வந்திருக்கீங்க?"

அந்தக் கேள்விக்கு அவர் தயாராக வரவில்லை. கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்தார்.

"ஒரு பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு வர மாட்டேங்குது."

*

பிள்ளையின் பெயர் முப்புடாதி. பேருந்து நிலையத்துக்கு எதிரே அவள் அம்மா இட்லிக் கடை போட்டிருக்கிறாள்.

வாழ்க்கையோடு ஒட்டிக் கணக்கு கேட்க வேண்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். திருமலைக்குமார் சொன்ன சொல்லைத் தட்டாதவர். ரொம்ப யோசித்து, அந்தக் கடையை வைத்தே தேர்வில் ஒரு கணக்குக் கேட்டார்.

"என்ன கேட்டீங்க?"

அவர் பெருமையாகவே சொன்னார்: "முப்புடாதியின் அம்மா கடையில் ஒரு தட்டு இட்லி வேகப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். மூன்று தட்டு இட்லி வேக எத்தனை நிமிடம் ஆகும்?"

டீச்சரின் புருவம் லேசாக ஏறி இறங்கியது.

"முப்புடாதி என்ன எழுதுனா?"

"பன்னெண்டுன்னு எழுதி வெச்சிருக்கா. வழிமுறை கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. கேள்வியில இருக்கிற எண்ணை அப்படியே எடுத்து எழுதிட்டா. எனக்குப் பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு."

"என்ன தெரிஞ்சுபோச்சு?"

"கேள்வியைப் படிக்கவே இல்லைன்னு. எழுப்பி நிறுத்தி, 'உங்கம்மா கடையைப் பத்திக் கேட்டாலே உனக்குத் தெரியலையே, வேற என்னதான் தெரியும்'னேன். வகுப்பு சிரிச்சிது. அன்னைக்கு உக்காந்தவ மறுநாள்லருந்து வரலை."

சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிப்போனது.

"அவங்கம்மா எச்.எம்.கிட்ட வந்து சொல்லிட்டுப் போயிட்டா. கணக்கு ஏறாத பிள்ளை இனிமே கடையில நிக்கட்டும்னு. திங்கக்கிழமை வந்து பேரை எடுக்கப் போறாளாம். எனக்குத் தூக்கமே பிடிக்கலை, டீச்சர். பிடிவாதக்காரப் பிள்ளை, ஆனா முட்டாள் பிள்ளை இல்ல."

டீச்சர் கேட்டார்: "மத்த பிள்ளைங்க?"

"எல்லாரும் முப்பத்தாறு. ஒருத்தர் விடாம. அதுவும் வழிமுறையோட. முழு மார்க்கு."

"ஒருத்தர் விடாமலா?"

"ஒருத்தர் விடாம."

"பயமா இருக்கு சார்."

"எனக்குந்தான். இப்பவே இப்படி அலட்சியமா எழுதுற பிள்ளை, நாளைக்கு..."

"நான் அந்தப் பிள்ளையைச் சொல்லலை."

பிறகு யாரைச் சொன்னார்? திருமலைக்குமார் காத்திருந்தார். டீச்சர் எழுந்து அடுப்படிக்குப் போனார்.

"மத்தியானம் சாப்பிட்டிருக்க மாட்டீங்க போல. இட்லி அவிக்கேன். சாப்பிட்டுட்டுப் போங்க."

*

அடுப்படி உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது.

டீச்சர் இட்லிக் கொப்பரையை அடுப்பில் வைத்தார். தண்ணீர் கொதித்தது. அடுக்கைக் கழற்றி ஒரே ஒரு தட்டில் மாவு ஊற்றி உள்ளே இறக்கி மூடினார். மற்ற இரண்டு தட்டையும் கழுவி, மேடையில் கவிழ்த்து வைத்தார்.

நாலு இட்லி வந்தது. அவர் பசிக்கு அது எந்த மூலைக்கு?

"இன்னும் வேணுமா சார்?"

"இருந்தா வைங்க."

டீச்சர் அதே தட்டைக் கழுவினார். துணி போட்டார். மாவு ஊற்றினார். இறக்கினார். மூடினார். வந்து எதிரே உட்கார்ந்து நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திருமலைக்குமார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஊருக்குப் போகிற பேருந்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. வேண்டுமென்றே இழுத்தடிக்கிறாரா? மாவு மிச்சம் பிடிக்கிறாரா? இல்லை, இதற்கு மேல் கேட்காதே, எழுந்து போ என்று சொல்லாமல் சொல்கிறாரா? வாத்தியார்கள் வெளியே ஏன் சொல்வதில்லை என்று இப்போது புரிவதுபோல் இருந்தது. பட்டினி போட்டு அனுப்பினால் யார்தான் வெளியே சொல்வார்கள்?

இரண்டாவது நாலு இட்லி வந்தது.

டீச்சர் மறுபடி அதே தட்டைக் கழுவப் போனார்.

அவரால் பொறுக்க முடியவில்லை.

"எதுக்கு டீச்சர் ஒவ்வொரு தட்டா வெச்சுக்கிட்டிருக்கீங்க? அந்த ரெண்டு தட்டும் சும்மாதான கெடக்கு? மூணையும் அடுக்கி வெச்சா ஒரே ஆவியில வெந்துரும்லா?"

"அப்படியா? எவ்வளவு நேரமாகும் சார்?"

"அதே நேரந்தான். இதெல்லாம் ஒரு கேள்வியா? பன்னெண்டு நிமி..."

நாக்கு அங்கேயே நின்றுவிட்டது.

கொப்பரையில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

டீச்சர் திரும்பினார். கவிழ்த்து வைத்திருந்த இரண்டு தட்டையும் நிமிர்த்தி அவர் முன்னால் வைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டார்.

திருமலைக்குமாருக்கு முகம் சுட்டது. இட்லியை விழுங்கவும் முடியவில்லை, வைக்கவும் முடியவில்லை. அன்றைக்கு வகுப்பு சிரித்த சிரிப்பு இப்போது தன்னைப் பார்த்துச் சிரிப்பதாக இருந்தது. அவர் அதற்குத் தகுதியானவர்தான்.

அந்த இரண்டு தட்டையும் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"மத்த பிள்ளைங்க வீட்டுலயும் கொப்பரை இருக்குமே, டீச்சர்?"

"இருக்கும்."

"அப்ப அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கணுமே."

"தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சுகிட்டே எதுக்கு முப்பத்தாறு போட்டாங்க?"

"நீங்க எதுக்கு சார் போட்டீங்க?"

அவர் வாயைத் திறந்தார். மூடினார்.

"இப்ப நான் என்ன செய்யட்டும்?"

"அந்தப் பிள்ளைகிட்டப் போய், உங்களுக்குத் தெரியாததைக் கேளுங்க."

"தெரியாததையா? கணக்குலயா? நான் கணக்கு வாத்தியார் டீச்சர்."

"அதுதான் சார் கஷ்டம்."

"இதுலயும் ஏதாவது உள்குத்து இருக்கா?"

"பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார் டீச்சர்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையில் நல்ல கூட்டம். திருமலைக்குமார் கூட்டம் குறையும்வரை எதிர் ஓரத்தில் நின்றார். பிறகு போய்ப் பலகையில் உட்கார்ந்தார்.

முப்புடாதி இலை போட வந்தாள். யாரென்று பார்த்ததும் இலையோடு திரும்பிப் போய்விட்டாள்.

அவள் அம்மாதான் வந்தாள்.

"என்ன சார், இன்னும் சிரிக்கதுக்கு ஏதும் பாக்கி இருக்கா?"

"இல்லம்மா. முப்புடாதிகிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அங்கதான் நிக்கா. சொல்லுங்க. என் முன்னாடியே சொல்லுங்க."

முப்புடாதி கொப்பரைக்குப் பின்னால் நின்றாள். அவர் பக்கம் திரும்பவில்லை.

"நீ போட்டதுதான் சரி. முப்பத்தாறு தப்பு. தப்பு என்மேலதான்" என்றார்.

அவள் கரண்டியால் மாவைக் கலக்கிக்கொண்டே கேட்டாள்.

"எச்.எம். சொல்லி அனுப்புனாரா சார்?"

"இல்ல."

"பேரை எடுத்தா உங்களுக்கு ஏதும் பிரச்சனை வருமா?"

"அதுக்கு வரலை பிள்ளே. நாளைக்கு வகுப்புலயும் எல்லார் முன்னாடியும் சொல்லுவேன். தப்பு என் மேலன்னு."

"சொன்னா அதுக்கும் சிரிப்பாங்க."

அவளுக்கு அவர்மேல் ஒரு துளி நம்பிக்கை இல்லை. இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவும் அவருக்கு உரிமை இல்லை. சொல்ல வந்ததைச் சொல்லியாயிற்று. தெரியாததைக் கேள் என்று டீச்சர் சொன்னாரே என்று வழியெல்லாம் யோசித்திருந்தார். பேருந்தில் யோசித்த கேள்விக்கெல்லாம் அவருக்கே விடை தெரிந்திருந்தது. அதனால் ஒன்றும் கேட்காமல் எழுந்தார்.

எழுந்தவர் அப்படியே நின்றார்.

முப்புடாதி மூடியைத் திறந்திருந்தாள். உள்ளே நாலு தட்டு ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தது. கொப்பரை ஆழமானது. நாலுக்கு மேலும் இடம் இருந்தது.

"இதுல ஆறு தட்டு வெச்சா?" என்றார், அவளிடம் என்றில்லாமல்.

அவள் கை நின்றது.

"வெச்சா?"

"அப்பவும் பன்னெண்டுதான் ஆகுமா?"

முப்புடாதி முதல் முறையாக அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்தது வெறும் சந்தேகம்.

"உங்களுக்கு எந்த விடை வேணும் சார்?"

திருமலைக்குமார் கொப்பரைக்குப் பக்கத்தில் போனார். இத்தனை வருஷத்தில் அவர் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் மனசுக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி அதுதான். இவள் ஒருத்திதான் வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள்.

"தெரியலை, பிள்ளே."

"தெரியாமலா கேக்கீங்க?"

"சத்தியமாத் தெரியலை. அத்தனை தட்டையும் தாண்டி ஆவி மேல போகணும்லா? மேல் தட்டு வேகக் கூடக் கொஞ்சம் நேரமாகுமோ என்னமோ."

"மேல் தட்டா? ஆவி மேலதான சார் போய் முட்டும்? மேல் தட்டுதான் முதல்ல வேகும்."

"அது எப்படி? கீழ்த் தட்டுதான தண்ணிக்குப் பக்கத்துல இருக்கு?"

"கீழ இருந்தா? அடித் தட்டு இட்லி எப்பவும் நசநசன்னுதான் இருக்கும். நீங்க அவிச்சிருக்கீங்களா?"

"இல்ல."

"பிறகு?"

"நீ ஆறு தட்டு வெச்சிருக்கியா?"

முப்புடாதி பதில் சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. கொப்பரைக்குள் எட்டிப் பார்த்தாள். விரலால் காற்றில் தட்டு தட்டாக அடுக்கிப் பார்த்தாள். இருவருக்கும் ஆவியில் முகம் வேர்த்தது. ஒரு ஆள் வந்து நாலு இட்லி கேட்டார். யாரும் திரும்பவில்லை.

"எம்மா! பெரியம்மா வீட்டுல நம்ம தட்டு ரெண்டு கெடக்குல்லா? போய் எடுத்துட்டு வாரேன்."

"எதுக்குட்டி? யாவாரமே முடியப் போகுது. அவ்வளவு இட்லியையும் யாரு திங்க?"

அவள் அதற்குள் தெருவில் இறங்கியிருந்தாள்.

"திங்க இல்லம்மா, பாக்க!"