அல்வா வரிசையில் ஆசான்

அல்வாவிடம் தோற்றுக்கொண்டே இருந்த ஒரு சிலம்ப ஆசானைப் பற்றிச் சொல்கிறேன். சிரிக்காமல் கேளுங்கள். அவருக்கு அது வாழ்வா சாவா என்கிற பிரச்சினை.

பேர் மாடக்கண்ணு. வயது ஐம்பத்தெட்டு. நாலு பேர் சேர்ந்து கம்போடு வந்தாலும் ஒரு அடி பின்வாங்காத மனுஷன். சர்க்கரை நோய் முற்றி, இடது காலில் இரண்டு விரல்களை எடுத்தாகிவிட்டது. புண் இன்னும் ஆறவில்லை. இனிமேலும் இனிப்பைத் தொட்டால் பாதத்தையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். சிலம்பத்தில் பாதி ஆட்டம் காலில் இருக்கிறது. பாதம் போனால் அப்புறம் என்ன ஆசான்?

கோயிலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார். ஒரு தடவை இல்லை, பதினோரு தடவை. அத்தனையும் சாயங்காலம் நாலு மணிக்கு அல்வாக் கடை திறந்ததும் காற்றில் பறந்தது.

கடைசியில் வெட்கத்தை விட்டு ஆற்றங்கரை மடத்துக்குப் போனார். அங்கே இருந்த துறவி உலகம்மைக்கு முப்பத்து நாலு வயதுதான். ஆனாலும் அவள் எதிரே தரையில் உட்கார்ந்து கும்பிட்டார்.

"இன்னையிலருந்து நான் உங்க சீடன், தாயி. இந்தப் பாழாப்போன நாக்கை அடக்க ஒரு வழி சொல்லுங்க."

"நாக்கு என்ன செஞ்சுது, பாவம்? அது கிடக்கட்டும். அல்வா எப்படி இருக்கும்? சொல்லுங்க அண்ணாச்சி."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நாலு மணி ஆனதும் நல்லபெருமாள் கடைப் பலகையை ஒண்ணொண்ணா எடுப்பாரு பாருங்க, அந்தச் சத்தம்! உள்ளே சட்டியில கரண்டி உரசும். நெய் வாசம் தெருமுனைக்கே வந்து ஆளை இழுக்கும். வரிசை நகர நகர நெஞ்சு அடிச்சுக்கும். சுடச்சுட இலையில வச்சு நீட்டுவாரு, கை தானா போயிரும்..."

"சரி. தின்னா எப்படி இருக்கும்?"

மாடக்கண்ணு வாயைத் திறந்தார். யோசித்தார்.

"நல்லா இருக்கும்."

"அவ்வளவுதானா? பலகைக்கு அவ்வளவு சொன்னிய!"

அவருக்குச் சுருக்கென்றது. ஆயிரம் தடவை தின்ற பண்டம். ருசியைக் கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

"எதிராளி எங்கே நிக்கான்னே தெரியாம பதினோரு தடவை அடி வாங்கியிருக்கிய," என்றாள் உலகம்மை. "நாக்குல தேடாதீங்க, கூத்தெல்லாம் மண்டைக்குள்ள நடக்கு. நாளைக்கு வரிசையில போய் நில்லுங்க. சண்டை போட வேண்டாம். அவன் ஆட்டத்தைப் பார்த்துட்டு வாங்க."

"ஐயோ தாயி, கிட்டப் போனா தின்னுருவேனே!"

"தின்னா, அதையும் பார்த்துட்டு வாங்க."

மறுநாள் தின்றுவிட்டுத்தான் வந்தார். தலை குனிந்து நின்றார். அவள் திட்டவில்லை. என்ன பார்த்தீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

"முதல் வாய் நல்லாத்தான் இருந்துச்சு. ரெண்டாவது வாய் சுமார். மூணாவது வாய்ல இருக்கும்போதே அடுத்த துண்டு வாங்கலாமான்னு தோணிச்சு, தாயி. வாய்ல இருக்கிறது மறந்துபோச்சு."

"நாளைக்கும் போங்க. முன்னால வந்ததும் திரும்பிப் போய்க் கடைசியில நில்லுங்க."

அடுத்த நாள் போனார். பலகை எடுக்கிற சத்தம் கேட்டதுமே வாயில் எச்சில் நிறைந்தது. முன்னால் ஆறு பேர் நிற்கும்போது நெஞ்சு படபடத்தது. மூன்று பேர் நிற்கும்போது உடம்பெல்லாம் முறுக்கியது. உயிரே போய்விடும் போல இருந்தது. ஒன்றும் செய்யாமல் அதைப் பார்த்தபடி நின்றார். தன் முறை வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பிக் கடைசிக்குப் போனார். நல்லபெருமாள், "ஆசானுக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டுதோ?" என்றார். வரிசையே சிரித்தது.

மூன்றாவது சுற்றில் அது நடந்தது. முறுக்கிக்கொண்டிருந்த உடம்பு, ஒரு வாய் அல்வாகூடத் தின்னாமல், தானாகத் தளர்ந்தது. மாடக்கண்ணு திகைத்துப்போனார். நொண்டிக் காலோடு மடத்துக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"தாயி! அது ஓயுது! நான் குடுக்காமலே ஓயுது!"

உலகம்மை மோரை நீட்டினாள். "மூச்சு வாங்குது. முதல்ல குடிங்க."

அதற்கப்புறமும் ஒரு நாள் சறுக்கினார். எழுந்து மறுநாளே வரிசைக்குப் போனார். அல்வா அவரை அசைக்கப் பார்த்துத் தோற்றுப்போன நாட்கள் பெருகின. ஆறு வாரம் கழித்து டாக்டர் கட்டைப் பிரித்தார். புண் காய்ந்து புதுத்தோல் பிடித்திருந்தது. பாதம் தப்பியது!

அன்றைக்கு நாலு மணிக்குக் கம்போடு கடைக்கு வந்தார் மாடக்கண்ணு. நல்லபெருமாள் ஒரு பெரிய துண்டை இலையில் வைத்து நீட்டினார். "ஆசானே, கால் ஆறிருச்சாமே! இது என் சந்தோஷத்துக்கு. ஒரே ஒரு வாய்."

நெய் வாசம் முகத்தில் அடித்தது. உடம்பு முறுக்கியது. ஆசான் பார்த்துக்கொண்டே நின்றார். ஏறியது, உச்சிக்குப் போனது, இறங்கியது. இலையை வாங்கினார். பின்னால் நின்ற அம்மாளின் கையில் கொடுத்தார்.

"நீங்க சாப்பிடுங்கம்மா. நல்லா இருக்கும்."

தெருவின் நடுவில் இறங்கிக் கம்பைச் சுழற்றினார் பாருங்கள்! எட்டு விரல்களில் நின்று அப்படி ஒரு ஆட்டத்தை அந்த ஊர் பார்த்ததில்லை. வரிசையில் நின்றவர்களெல்லாம் அல்வாவை மறந்து விசில் அடித்தார்கள். வேர்க்க விறுவிறுக்க மடத்துக்கு வந்து நின்றபோது அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"ஜெயிச்சிட்டேன் தாயி. ஆனா ஒரு சந்தேகம். இன்னைக்கும் பலகைச் சத்தம் கேட்டதுமே வாய் ஊறிச்சு. இது எப்பத்தான் போகும்?"

"களத்துல அடுத்தவன் கம்பு காதோரமா விர்ருன்னு போகும்போது உடம்பு சிலிர்க்குமா?"

"சிலிர்க்காம? நாப்பது வருஷமா சிலிர்க்கத்தான் செய்யுது."

"சிலிர்த்த உடனே கம்பைக் கீழே போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டியளா, அண்ணாச்சி?"