மேலே பரப்பிய நல்ல பழங்கள்

சொன்னவர், ஹங்கேரியின் தோக்காய் மலைச்சரிவில் திராட்சை பறித்துவந்த யூடித் அம்மையார். கேட்டது 1993ஆம் ஆண்டு, பறிப்பு முடிந்த வாரத்தில்.

காஸ்பார் ஊர்த் தேவாலயத்தில் போதகராக இருந்தவர். தலை நரைத்த பிறகு பிரசங்க மேடையை விட்டிறங்கி, தம்மைவிட மிக இளையவளான இலோனாவிடம் ஒயின் செய்யக் கற்க வந்தார்.

அந்த மலையின் இனிப்பு ஒயினுக்கு மூடுபனியில் பூஞ்சை பிடித்து, பின் வெயிலில் கொடியிலேயே வற்றிச் சுருங்கிய பழம் வேண்டும். ஒவ்வொன்றாகக் கிள்ளி, முகர்ந்து பார்த்தே கூடையில் இடுவார்கள். தேன் மணந்தால் நல்லது. புளித்த காடி நெடி அடித்தால் கேடு.

அன்று மற்றவர்களை முந்தும் ஆசையில் காஸ்பார் ஒரு குலையை முகராமலே கூடையில் உதிர்த்தார். பிறகு விரலை மூக்கருகே கொண்டுபோனார். காடி நெடி. பொறுக்கி எறிந்திருக்கலாம்; ஆனால் பக்கத்துக் கொடியில் இருந்த பெண்கள் பார்த்துவிடுவார்கள். நல்ல பழங்களை மேலே பரப்பி, கூடையைப் பொதுத்தொட்டியில் கவிழ்த்துவிட்டார்.

மாலையில் இலோனா தொட்டிக்குள் குனிந்து முகர்ந்து நிமிர்ந்தாள்.

"இது யார் கைவேலை?"



"போர்பாலாவுக்குத்தான் நேற்றிலிருந்து சளி," என்றாள் ஒருத்தி. "அந்த மூக்குக்குத் தேனும் ஒன்றுதான், தெருநாயும் ஒன்றுதான்."

சிரித்தார்கள். போர்பாலா சிரிக்கவில்லை. அவள் கைம்பெண், பறிப்புக் கூலிதான் அவளுக்குக் குளிர்கால விறகு. தொட்டியைக் கெடுத்தவர் அந்த ஆண்டு மறுபடி பறிக்க வருவதில்லை என்பது அவ்வூர் வழக்கம்.

"நானாகத்தான் இருக்கும், இலோனா. அடைத்த மூக்கோடு வந்திருக்கக் கூடாது," என்றாள். இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்து மடித்து வைத்துவிட்டு, ஆற்றுப்பாலத்தை நோக்கிச் சரிவில் இறங்கினாள்.

காஸ்பாருக்குக் காது மடல் சுட்டது. கைகளைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டார். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து இலோனாவிடம் கேட்டார்:

"அம்மா, அறியாமல் செய்த பிழைக்கு இவ்வளவு தண்டனை தகுமா? அவளை மன்னிக்கக் கூடாதா?"

"மன்னிப்பைப் பற்றி உங்களைவிட எனக்கென்ன தெரியும், போதகரே? கண்ணை மூடுங்கள். கைகளை நீட்டுங்கள்."

நீட்டினார். உள்ளங்கைக்கு ஒன்றாகத் தொட்டியிலிருந்து இரண்டு பழங்களை வைத்தாள்.

"எது கெட்டது?"

முகர்ந்தார். "இடக்கையில் இருப்பது."

"அறிந்து சொல்கிறீர்களா, அறியாமலா?"



"அறிந்துதான்."

கண்ணைத் திறக்க அவருக்குத் துணிவில்லை.

"போர்பாலா இன்னும் பாலத்தைத் தாண்டியிருக்க மாட்டாள்," என்றாள் இலோனா. "நான் கூப்பிடட்டுமா, நீங்கள் கூப்பிடுகிறீர்களா?"

ஆற்றின் மறுகரையில் இந்தக் கதையைச் சொல்பவர்கள், காஸ்பார் தடுமாறி ஓடி, பாலத்திலேயே உண்மையைச் சொல்லி அவளை அழைத்துவந்ததாக முடிக்கிறார்கள். யூடித் சொன்னதில் அவர் கண்ணை மூடியபடியே நிற்கிறார்; பாலத்தை எட்டுவது இலோனாவின் குரல்.