ஆள்காட்டிக் குருவி சொல்லாத சேதி

ஏரியை ஒட்டிய ஒரு காட்டில் ஓர் ஆள்காட்டிக் குருவி இருந்தது. மான் கூட்டத்துக்குக் காவல் இருப்பது அதன் வேலை. வேடன் தலை தெரிந்தால் போதும், காடே அதிரக் கத்திவிடும். மான்கள் அதற்குத் தானியம் கூலியாகக் கொடுத்தன.

கூலியில் பத்தில் ஒரு பிடியைப் பொதுத் தானியக் குதிரில் போட வேண்டும் என்பது அந்தக் காட்டின் சட்டம். யாருக்காவது வேலை பறிபோனால் மூன்று மாதம் அந்தக் குதிர் சோறு போடும். வேலையைத் தானே உதறியவருக்கு ஒன்றும் கிடையாது. குதிருக்குக் காவல் இருந்த ஆமை மிகவும் கறார்.

அந்த வருடம் மழை பொய்த்தது. ஏரி வற்றியதும் மான்கள் மலைக்கு அப்பால் புறப்பட்டன. அங்கே காவலுக்கு ஆள் இருக்கிறது, நீ வர வேண்டாம் என்று குருவியிடம் சொல்லிவிட்டன.

குருவிக்கு ரோஷம் அதிகம். கரடிக்கு விளாம்பழம் உலுக்கிப்போடும் குரங்கு வந்து, என்ன ஆயிற்று என்று விசாரித்தபோது, "வேலையை நானே விட்டுவிட்டேன்" என்றது குருவி. முயலிடமும் அதையே சொன்னது. அதற்குப் பிறகு யார் எதிரே வந்தாலும் ஒதுங்கிப் போனது. காய்ந்த ஏரியின் நடுவே தனியாக உட்கார்ந்திருந்தது. பேச்சுத்துணைக்கு அங்கே ஒரு தவளைகூட இல்லை. பாவம், அதற்கு அழுகை அழுகையாய் வந்தது.

பசி பொறுக்காமல் ஒருநாள் குதிரடிக்குப் போனது. அங்கே குரங்கு நின்றுகொண்டிருந்தது.

"நீயே வேலையை விட்டாயாமே?" என்று கேட்டது ஆமை.

குருவி குரங்கைப் பார்த்தது. "ஆமாம். சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று சொல்லிவிட்டு வெறும் வயிற்றோடு திரும்பியது.

நாலாம் நாள் காலையில் பழக்கதோஷத்தில் கத்திப் பார்த்தது. குரல் எழும்பவில்லை. குருவி பயந்துபோனது. இந்தக் குரலும் போய்விட்டால் நாளைக்கு யார் வேலை தருவார்கள்? தட்டுத்தடுமாறிக் குதிரடிக்கு நடந்தது. குரங்கு அன்றும் அங்கேதான் நின்றது.

"நானாக விடவில்லை. வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்" என்றது குருவி, தரையைப் பார்த்தபடி.

"மான்களும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் போயின. அதை நீயும் சொல்ல வேண்டியிருந்தது" என்று ஆமை தானியத்தை அள்ளி வைத்தது.

குருவி கொத்தத் தொடங்கியபோது, பின்னால் குரங்கு தொண்டையைச் செருமியது.

"என்னையும்தான்" என்றது. "கரடி அனுப்பி ஒரு மாதம் ஆகிறது. தினமும் இங்கே வந்து நின்றுவிட்டுத் திரும்புகிறேன்."

நீதி: வேலை போவது குற்றமில்லை, வெட்கப்பட்டு அதை மறைத்தால், நமக்கு உரிய உதவியும் கைக்கு வராது.