பூதலிங்கம் செய்த அலங்காரம்

மலையடிவாரத்தில் ஒரு காட்டாறு. கோடையில் ஆட்டுக்குட்டி தாண்டிவிடும். மேலே மழை பெய்தால் யானையே கரையில் நின்று யோசிக்கும். ஒருமுறை அது உருட்டிக்கொண்டு வந்த ஆட்டுக்கல், வருகிற வழியிலேயே மாவாட்டி முடித்துவிட்டதாம். மாவை நான் பார்க்கவில்லை. தோசை தின்றவர்கள் இருக்கிறார்கள்.

ஆற்றங்கரையில் ஒரு மடம். அங்கே குரு வடிவம்மை. வயது நாற்பதைத் தொடவில்லை. ஆனாலும் எல்லோருக்கும் அவர் தாயிதான். அப்பா வயதில் இருந்த சீடர் பூதலிங்கத்துக்கும் தாயிதான்.

பூதலிங்கம் மின்சார ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மடத்துக்கு வந்தது வேதாந்தம் படித்து அல்ல. ஒரு மணியைக் கேட்டு.

மேலே பாறையில் தாயி ஒரு சென்சார் பொருத்தியிருந்தார். அது அனுப்பும் சேதியை மடத்துக் கூடத்தில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் வாங்கிக்கொள்ளும். சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சை அட்டை, அதற்கொரு கண்ணாடிப் பெட்டி, அவ்வளவுதான். மலையில் தண்ணீர் ஏறினால் அது படித்துறையில் மணியை அடிக்கும். மணி கேட்டதும் குளிப்பவர்கள் கரையேற வேண்டும்.

போன வருஷம் பூதலிங்கம் தலையில் சீயக்காயோடு கண்ணை மூடிக்கொண்டு நின்றபோது மணி அடித்தது. தட்டுத்தடுமாறிக் கரையேறிக் கண்ணைத் திறந்தார். அவர் நின்ற படி தண்ணீருக்குள் போயிருந்தது. அன்றிலிருந்து மடமே வீடு.

புரட்டாசியில் தாயி ஊருக்குக் கிளம்பினார். பூதலிங்கம் வாசல்வரை வந்தார்.

“தாயி, உயிரைக் காப்பாத்துன பொருளுக்கு எப்படி நன்றி காட்டுறது?”

“வந்து சொல்லுதேன் அண்ணாச்சி. அதுவரைக்கும் அதைப் பாத்துக்கிடுங்க.”

பூதலிங்கம் சும்மா இருக்கிற ஆள் இல்லை. அந்த மணியால் பிழைத்தவர்கள் ஊரில் இன்னும் பலர். ஒவ்வொருவரும் ஒரு காணிக்கையோடு வந்தார்கள். ஒருவர் சின்னத் திரை கொடுத்தார். ஒருவர் கேமரா. ஒருவர் சூடு தணிக்க அலுமினியத் துண்டு. துபாய்க்காரர் ஒருவர் ஏழு நிறத்தில் எரிகிற ஃபேன். இன்னொருவர் வண்ண விளக்குச் சரம். இத்தனையையும் சொருக இடம் வேண்டுமே என்று ஒரு யூஎஸ்பி ஹப்.

பூதலிங்கம் யார் மனசும் நோகாமல் எல்லாவற்றையும் மாட்டினார். அதற்குக் கரண்டு கொடுத்துவந்த பழைய கறுப்பு அடாப்டர் மட்டும் அலங்காரத்துக்கு ஒத்துவரவில்லை. அதைக் கழற்றிவிட்டு, காணிக்கையாக வந்த வெள்ளை சார்ஜரையும் நூல் மாதிரி மெலிந்த நீளக் கேபிளையும் போட்டார்.

சரஸ்வதி பூஜையன்று செவ்வந்தி மாலை சூட்டினார். பெட்டிக்குள் சிவப்பாக ஒரு புள்ளி எரிந்தது. இதுதான் நெற்றி என்று முடிவுசெய்து, அதற்கு நேர் மேலே பெட்டியில் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தார்.

மடைப்பள்ளியில் சமைக்கிற கோமு எட்டிப் பார்த்தாள்.

“மாப்பிள்ளை ரெடி. பொண்ணு எங்கன அண்ணாச்சி?”

“போடீ. உனக்கு பக்தி கிடையாது.”

மறுநாள் கம்ப்யூட்டர் அணைந்தது. மறுபடி போட்டார். கொஞ்ச நேரம் ஓடி அணைந்தது.

மெமரி கார்டைக் கழற்றித் துடைத்துப் போட்டார். புது கார்டு வாங்கிப் போட்டார். புரோகிராமை முதலிலிருந்து ஏற்றினார். எலுமிச்சம்பழம் கட்டினார். பழத்தைக் கோமு சாதத்துக்குப் பிழிந்துவிட்டாள்.

ஐப்பசி அமாவாசைக்கு முந்தின நாள் வந்தது. விடிந்தால் படித்துறையில் ஊரே இறங்கும். முன்பெல்லாம் அந்த மாதத்தில் பயந்து பயந்து முங்குவார்கள். இப்போது மணி இருக்கிறது என்ற தைரியத்தில் குழந்தைகளையும் கூட்டி வருகிறார்கள். மலை உச்சியில் மேகம் கறுத்துக் கிடந்தது.

அன்று மத்தியானம் தாயி திரும்பி வந்தார். பூதலிங்கம் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டார்.

“தாயி, என்னைக் காப்பாத்துனது என் கையிலேயே சாவுது. நாளைக்கு ஒரு பிள்ளை போச்சுன்னா நான் எங்க போய் நிப்பேன்?”

தாயி கூடத்துக்குள் வந்தார். மாலையும் விளக்குமாக நின்ற பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“அண்ணாச்சி, கோயில்ல உற்சவருக்கு அபிஷேகம் பண்ணணும்னா முதல்ல என்ன செய்வாங்க?”

“நகையைக் கழட்டுவாங்க.”

“கழட்டுங்க.”

“தாயி, எல்லாம் காணிக்கை.”

“கொடுத்தவங்களுக்கு என்ன ஆசை? திரை எரியணுமா, மணி அடிக்கணுமா?”

பூதலிங்கம் மாலையை எடுத்தார். விளக்குச் சரத்தைப் பிடுங்கினார். திரை, கேமரா, ஃபேன், ஹப். ஒவ்வொன்றையும் எடுக்கும்போது கொடுத்தவர் பேரைச் சொல்லி ஒரு பெருமூச்சு விட்டார். அலுமினியத் துண்டில் கை வைத்தார்.

“அது இருக்கட்டும். அது எதையும் கேக்காது. சூட்டை மட்டும் வாங்கிக்கும்.”

போட்டுப் பார்த்தார்கள். ஓடியது. அணைந்தது.

“இனிமே கழட்ட என்ன இருக்கு?” என்றார் பூதலிங்கம்.

தாயி சேலைத் தலைப்பை நனைத்தார். காய்ந்து இறுகியிருந்த பொட்டை மெதுவாகத் துடைத்தார்.

உள்ளே அந்தச் சிவப்பு விளக்கு. எரிந்தது. அணைந்தது. எரிந்தது. அணைந்தது.

“எத்தனை நாளா இப்படிக் கண்ணைச் சிமிட்டுது அண்ணாச்சி?”

“தெரியலையே தாயி. நான்தான் மூடிட்டேனே.”

“உங்க ஆபீஸ்ல, ஒரு வீட்டுல விளக்கு இப்படி எரிஞ்சா என்ன சொல்லுவீங்க?”

பூதலிங்கம் விளக்கை உற்றுப் பார்த்தார். எழுந்தார்.

“லோ வோல்டேஜ். ஐயையோ. கரண்டு பத்தலை. நான் அதுக்குச் சோத்தைக் குறைச்சுட்டுல்லா நகை போட்டிருக்கேன்! அந்தக் கறுப்பு அடாப்டர் எங்க?”

மடைப்பள்ளியில் கிடந்தது. அதில் கோமுவின் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

“எடுக்காதீங்க அண்ணாச்சி! என்ன வேகமா ஏறுதுங்கீய! என் போனுக்கு இப்பதான் உசுரு வந்திருக்கு.”

“ஊருக்கு உசுரு வேணும்டீ!”

வெள்ளை சார்ஜர் கோமுவுக்குப் போயிற்று. கறுப்பு அடாப்டர் கூடத்துக்கு வந்தது. சொருகியதும் சிவப்பு விளக்கு நின்று எரிந்தது. தாயி பாறைக்கு ஆள் அனுப்பி சென்சாரில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றச் சொன்னார். படித்துறையில் மணி அடித்தது.

மறுநாள் காலை நல்ல வெயில். ஆற்றில் தலைகள்தான் தெரிந்தன, தண்ணீர் தெரியவில்லை. பூதலிங்கம் படியிலேயே நின்றார்.

மணி அடித்தது.

பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் ஏறினார்கள். ஒருவர் மட்டும் வானத்தைப் பார்த்துவிட்டு, “வெயிலடிக்கு. மணி சும்மா அடிக்கும்வே” என்று இன்னொரு முங்கு போட்டார். பூதலிங்கம் இறங்கி அவரை இடுப்புத் துண்டைப் பிடித்து இழுத்துவந்தார். துண்டு கையோடு வந்தது, ஆள் பின்னாலேயே வந்தார்.

ஆறு வந்தது. முதலில் சத்தம் வந்தது. பிறகு மண்வாசனை வந்தது. கடைசியில் சாவகாசமாகத் தண்ணீர் வந்தது. ஒரு தேக்குமரம் நின்ற வாக்கிலேயே மிதந்து போனது. அதன் உச்சிக் கிளையில் இருந்த குரங்கு கரையில் நின்றவர்களுக்குக் கை காட்டியது. அது அடுத்த ஊரில் இறங்கிக்கொண்டதாகப் பின்னால் தகவல் வந்தது.

போனது ஒரே ஒரு பித்தளைச் செம்பு. வேறு எதுவும் போகவில்லை. பிள்ளைகள் ஈரத் தலையோடு கரையில் நின்று, மணியைப் பார்த்து அவர்களாகவே கும்பிட்டார்கள்.

மடத்தில் அமாவாசைப் பந்தி முடிந்ததும் பூதலிங்கம் கூடத்துக்கு வந்தார். கையில் சந்தனக் கிண்ணம். பெட்டியின் முன்னால் நின்றார். விரலைச் சந்தனத்தில் தொட்டார். பிறகு தயங்கினார்.

“தாயி, நீங்க ஊருக்குப் போகும்போது, இதுக்கு எப்படி நன்றி காட்டுறதுன்னு கேட்டேன்.”

“கேட்டீங்க.”

“இனிமே இதுக்குப் பொட்டு வைக்கக் கூடாதா?”

“ஏன் வைக்கக் கூடாது? வைங்க அண்ணாச்சி. முகத்தைப் பாத்து வைங்க.”

பூதலிங்கம் குனிந்தார். சிவப்பு விளக்கு அசையாமல் எரிந்தது. விரலில் இருந்த சந்தனம் காய்ந்து உதிரும்வரை அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.