ஆத்துக்கு நடுவுல ஒரு மீசை

உட்காருங்கப்பா, உட்காருங்க. தூண் ஓரமா இருக்கிற ரெண்டு பேரும் உங்க சம்பந்திச் சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். இது அதைவிடப் பெரிய சண்டை. பேச்சு சத்தம் நிக்கட்டும். சுண்டல் மெல்லுற சத்தம் இருந்துட்டுப் போகுது.

ஒரு ஆறு. மேற்கால மேக்கரை நாடு, கிழக்கால கீக்கரை நாடு. மேக்கரையில, ஆத்தங்கரை ஓரமா ஒரு குடிசை மடம். அதுல நெட்டைச் சாமின்னு ஒரு குரு. வயசு முப்பது. அவருக்கு ஒரே ஒரு சீடன், பிச்சாண்டி. வயசு ஐம்பத்தெட்டு. குரு சீடனை "அண்ணே"ம்பாரு, சீடன் குருவை "சாமி"ம்பாரு. யாரு யாருக்குக் கும்பிடு போடுறதுன்னு வர்றவங்களுக்குத்தான் குழப்பம்.

பிச்சாண்டிக்கு ஒரே பொண்ணு, தெய்வானை. கீக்கரையில கட்டிக் கொடுத்தது. இப்போ ஏழு மாசம். வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதுக்குள்ள வளைகாப்பு. அவங்க வழக்கத்துல பொறந்த வீட்டு வளையல்தான் முதல்ல ஏறணும். அது ஏறாம வேற யாரும் ஒரு வளையல்கூடப் போட மாட்டாங்க. தாயில்லாத பொண்ணு. அப்பன்தான் கொண்டு போகணும்.

போன வருஷமா இருந்தா வெத்தலை மடிச்சு வாயில போடுறதுக்குள்ள அக்கரை. இப்போ நாடு மாறிப்போச்சு.

ஒரே நாள்ல மாறலப்பா. முதல்ல தண்டோராக்காரன் மாறினான். முன்னெல்லாம், "டும் டும், வடக்குத் தெரு பொன்னையன் வீட்டு ஆட்டைக் காணோம்." அப்புறம், "டும் டும், காணாமப்போன ஆடெல்லாம் கீக்கரையில மேயுது."

அடுத்து பள்ளிக்கூடம். "ஒரு வீரன் ஏழு பேரை வெட்டினா மூணு வீரன் எத்தனை பேரை வெட்டுவான்?" இது வாத்தியார் போட்ட கணக்கு. பசங்க இருபத்தொண்ணுன்னாங்க. ஒரு பொண்ணு மட்டும், "அந்த இருபத்தொரு பேரும் சும்மாவா நிப்பாங்க?"ன்னு கேட்டுச்சு. அதை வெயில்ல நிக்க வச்சாங்க.

அப்புறம் ராஜசபை. வருஷம் பூரா அடிச்சுக்கிட்ட ரெண்டு கட்சியும் ஒருநாள் கட்டிப்பிடிச்சு அழுதுச்சு. எதுக்குச் சண்டைன்னு கேட்ட ஒரே ஒருத்தரை, உடம்பு சரியில்லன்னு சொல்லி வீட்டுக்கு அனுப்பினாங்க. அவருக்கு உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு. வாசல்ல ரெண்டு காவல் போட்ட பிறகுதான் கொஞ்சம் சுகமில்லாம போச்சு. வேல் வடிக்கணும்னு வீட்டுக்கு வீடு கரண்டியை வாங்கிட்டுப் போனாங்க. ஜனங்க குழம்பைச் சொம்புல மொண்டு ஊத்திக்கிட்டாங்க.

கீக்கரையிலயும் இதே கதை. அங்கேயும் ஆடு, கணக்கு, சொம்பு.

கடைசியா வந்துச்சு மீசை. மேக்கரை ஆம்பளைங்க மீசை மேல பார்க்கணும்னு உத்தரவு. மறுநாளே, கீக்கரை மண்ணுக்கு வர்றவன் மீசை கீழ பார்க்கணும்னு அங்கே உத்தரவு.

பிச்சாண்டி மீசை எந்தப் பக்கமும் பார்த்ததில்ல. அது பாட்டுக்கு உதட்டு மேல படுத்துத் தூங்கிட்டிருந்தது.

"ஒண்ணா மண்ணா இருந்த ஜனம் எப்படி சாமி இப்படி ஆச்சு?"

"தெரியலண்ணே," என்றார் குரு. "வளைகாப்புக்கு ஏழு வகை சாதம்னீங்களே, நானும் வர்றேன்."

அக்கரைக்குப் போக ஒரே வழி சவரக்காரர் சடையப்பனோட பரிசல். ரெண்டு கரைக்கும் அவர்தான் சவரம். ரெண்டு படைக்கும் மீசை வேணும், மீசைக்கு ஆள் வேணும். அதனால அவரை மட்டும் யாரும் தடுக்கல. அவர் வாயைத் திறந்து யாரும் பார்த்ததில்ல. சவரக்காரரே பேசலன்னா நாட்டுல நிலைமை எப்படின்னு பார்த்துக்குங்க.

வெள்ளிக்கிழமை காலையில சடையப்பன் மெழுகு தடவி பிச்சாண்டி மீசையை எழுப்பி நிறுத்தினார். துறையில மேக்கரை அதிகாரி வேங்கையப்பர். பேசும்போது தொண்டைக்குள்ள ஆட்டுக்கல்லு உருளும்.

"மூட்டையில என்ன?"

"வளையலுங்க."

"எதிரிக்கு இரும்பா?"

"கண்ணாடிங்க."

"நீங்க ரெண்டு பேரும் எந்தப் பக்கம்?"

"பொண்ணு வீட்டுக்காரங்க," என்றார் குரு, வளைகாப்புச் சாதப் பானையை மடியில வச்சுக்கிட்டு.

வேங்கையப்பர் மீசையை ஒருதடவை பார்த்துட்டு விட்டார்.

நடு ஆத்துக்கு வந்ததும் கீக்கரை அதிகாரி மதயானையோட குரல். கீச்சுக் குரல், ஆனா ஆத்தையே அறுக்கும். "மீசை மேல பார்க்குது. வில்லை எடு."

பிச்சாண்டி சடையப்பன் பக்கம் முகத்தை நீட்டினான். சடையப்பன் துடுப்பை வச்சுட்டு மீசையைக் கீழே இழுத்து விட்டார்.

பின்னாடியிருந்து ஆட்டுக்கல்லுக் குரல். "மீசையை இறக்கிட்டான். துரோகி. வில்லை எடு."

"சாமி," என்றான் பிச்சாண்டி.

"பாதியை ஏத்திக்கோங்கண்ணே," என்றார் குரு.

சடையப்பன் இடது பாதியை மேக்கரைக்காக ஏத்தினார், வலது பாதியைக் கீக்கரைக்காக இறக்கியே விட்டார். பிச்சாண்டி வடக்க பார்த்து உட்கார்ந்தான். ரெண்டு கரையிலயும் வில்லு இறங்குச்சு.

ஆனா பரிசல் வட்டம். தண்ணி இழுப்புல அது தட்டாமாலை சுத்தும். சுத்தச் சுத்த மேக்கரைக்குக் கீழ்மீசை தெரிஞ்சுது, கீக்கரைக்கு மேல்மீசை தெரிஞ்சுது. பிச்சாண்டி கழுத்தைத் திருப்பினான். பரிசல் சுத்துச்சு. உடம்பைத் திருப்பினான். பரிசல் மறுபடி சுத்துச்சு. அக்கரைப் படியில தெய்வானை தெரிஞ்சா. வெறுங்கையை நெத்தியில வச்சு வெயிலை மறைச்சுக்கிட்டு நின்னா. உச்சி நெருங்கி அவ நிழல் காலடிக்கே வந்துடுச்சு. பிச்சாண்டி திரும்பத் திரும்ப ரெண்டு கரைக்கும் திருப்தி. பரிசல்தான் எந்தக் கரைக்கும் போகல.

"அண்ணே, ஜனம் எப்படி இப்படி ஆச்சுன்னு அன்னிக்குக் கேட்டீங்களே."

"இப்பவா சாமி அது?"

"காலையிலயிருந்து எத்தனை தடவை மீசையை மாத்தினீங்க?"

"மூணு."

"வலிச்சுதா?"

"இல்ல சாமி. ஒவ்வொரு தடவையும் கொஞ்சந்தானே."

"அவங்களுக்கும் வலிக்கலண்ணே."

அதுக்குள்ள ரெண்டு அதிகாரியும் ஆளுக்கொரு படைப் பரிசல்ல வந்து இடிச்சாங்க.

"இவன் எங்க ஆளு," என்றார் வேங்கையப்பர், இடது மீசையைப் பிடிச்சுக்கிட்டு.

"இந்தப் பக்கம் வந்து பாரும், எங்க ஆளு," என்றார் மதயானை, வலது மீசையைப் பிடிச்சுக்கிட்டு.

ஆளுக்கொரு கையால சடையப்பன் பரிசல் விளிம்பு, இன்னொரு கையால மீசை. இழுத்தாங்க. பிச்சாண்டி வளையல் மூட்டையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டான். உள்ள வளையல் சலசலன்னுது. உடைஞ்சா பொண்ணு கை வெறுங்கைதான்.

"எல்லாம் இந்தச் சவரக்காரன் வேலை," என்றார் மதயானை. "யோவ், நீ யாரு ஆளு?"

"சொல்லுய்யா. மேலயா, கீழயா?" என்றார் வேங்கையப்பர்.

குரு திரும்பிச் சடையப்பனைப் பார்த்தார்.

சடையப்பன் துடுப்பைக் கீழே வச்சார். கத்தி சீப்பு வைக்கிற அடைப்பத்தைத் திறந்து சவரக் கத்தியை எடுத்தார். வேட்டி ஓரத்துல நிதானமா ஈரத்தைத் துடைச்சார்.

"விடிஞ்சதும் இவர் கழுத்துல கத்தி வைக்கிறேன். வெயில் ஏறினதும் அவர் கழுத்துல கத்தி வைக்கிறேன். எதிரி கழுத்துக்கு இவ்வளவு கிட்ட போனவன் ரெண்டு படையிலயும் ஒருத்தன் கிடையாது. இதுவரைக்கும் ஒரு சொட்டு ரத்தம் வந்ததில்ல."

ரெண்டு அதிகாரி கையும் தன்னால அவங்கவங்க கழுத்துக்குப் போச்சு. ரெண்டு கையுமே போச்சு. அதுக்கு மீசையையும் விடணும், பரிசலையும் விடணும். விட்டாங்க.

சடையப்பன் கத்தியை மடக்கி அடைப்பத்துல போட்டார். துடுப்பை எடுத்து தெய்வானை நின்ன படியைப் பார்த்து ஒரு போடு போட்டார்.

"நாளைக்குக் காலையில வழக்கம்போல வர்றேங்கய்யா."