பல்லி மட்டும் ஏன் ‘சொல்லுகிறது’?

மிருகமும் பறவையும் மனுஷரைப் போலவே பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், மலைச்சரிவில் தனித்திருந்த ஒரு வீட்டின் கதவை, இருட்டிய பிறகு ஏதோ ஒன்று பிறாண்டியது.

உள்ளே சிலம்பாயி திடுக்கிட்டு எழுந்தாள். மடியில் பச்சைப்பிள்ளை. சந்தைக்குப் போன புருஷன் பெரியண்ணன் இன்னும் வரவில்லை. அவனுக்காகக் கதவை வெறுமனே சாத்தித்தான் வைத்திருந்தாள்.

“யாரு?”

“மான்தான் தாயி. உன் வீட்டுக்காரன் பாறையில வழுக்கி விழுந்து கெடக்கான். உசுரு போறதுக்குள்ள பிள்ளை முகத்தைப் பார்க்கணுமாம். தூக்கிட்டு வெரசா வா.”

சிலம்பாயி பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டாள். கூரைக்கு மேல் கிளையில் இருந்த ஆந்தையைக் கூப்பிட்டாள். “அண்ணே, நெசந்தானா?”

“மானேதான், மானேதான்!” என்றது ஆந்தை, அவசரமாக.

வெளியே நின்றது சிறுத்தை. ‘எனக்கு எதிராக எவன் வாய் திறந்தாலும் அவன் பேச்சு அன்றோடு போகும்’ என்று மலைமேல் ஆணையாக எல்லாரிடமும் சத்தியம் வாங்கியிருந்தது. சுவரில் விளக்கோரம் ஒட்டிக்கொண்டிருந்த பல்லியும் சத்தியம் செய்திருந்தது.

“நீயாவது சொல்லேன்,” என்றாள் சிலம்பாயி பல்லியிடம். அது அசையவில்லை.

“அதுக்கு வாயில கொழுக்கட்டை,” என்று வெளியிலிருந்து சிரித்தது ஆந்தை.

பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கதவில் கை வைத்தாள். பயத்தில் தனக்குத்தானே பேசினாள். “மான்தானே, என்ன செஞ்சிரப் போகுது?”

சுவர் பேசாமல் இருந்தது.

“ஒருவேளை... சிறுத்தையா இருந்தா?”

“ச்சு. ச்சு. ச்சு.”

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். பல்லியின் தொண்டை படபடவென்று துடித்துக்கொண்டிருந்தது.

“எம் புருஷன் விழுந்து கெடக்காரா?” சத்தமில்லை. “நல்லாத்தான் இருக்காரா?” “ச்சு. ச்சு.” “அப்ப, இது வந்தது எம் பிள்ளைக்கா?” பல்லி விடாமல் சொன்னது.

கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, ‘கேட்டுக்கிட்டேன்’ என்பதுபோல் விரலால் சுவரில் தட்டினாள். தாழ்ப்பாளைப் போட்டாள். வெளியே உறுமல் எழுந்து, சரிவில் இறங்கித் தேய்ந்து போனது.

விடிந்ததும் பெரியண்ணன் தலையில் மூட்டையோடு வந்து, “ஆத்துல தண்ணி, அதான் அக்கரையில தங்கிட்டேன். என்னடி, கதவை இம்புட்டுப் பலமா தாழ் போட்டிருக்க?” என்றான். அவள் பல்லியைப் பார்த்தாள். “வாய் திறந்து ஒரு வார்த்தை பேசு சாமி,” என்று கெஞ்சினாள். அதற்கு வார்த்தை வரவில்லை. வார்த்தையில்லாமல் சொன்னாலும் சத்தியம் சத்தியம்தானே! போகட்டும் என்று அது வாலை ஆட்டிவிட்டு, விளக்கோரத்திலேயே குடியிருந்துகொண்டது. ஆந்தையைப் போலவே சிறுத்தைக்குப் பயந்து பொய் பேசிவந்த மற்ற மிருகம் பறவைகளை அப்புறம் யாரும் நம்பவில்லை. கேட்க ஆளில்லாமல் அவற்றின் பேச்சும் வெறும் சத்தமாகத் தேய்ந்தது.

அன்று முதல்தான் காகம் கரைகிறது, நாய் குரைக்கிறது, ஆந்தை அலறுகிறது, பல்லி மட்டும் சொல்லுகிறது. அது சொன்னால் நாமும் விரலால் தட்டுகிறோம். பிள்ளை பெற்றவள், தட்டிய கையோடு எழுந்துபோய், கதவை உள்ளே தாழிட்டு வருகிறாள்.